பன்னிரண்டு ஷெட், ஒரே கணக்கு

அம்பத்தூர், திருமுல்லைவாயல், காக்களூர், திருமழிசைத் தொழிற்பேட்டைகளில் சிறு, குறுந்தொழில் நடத்தும் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்



உங்களில் பலருக்கு என் முகம் தெரியும். அரக்கோணம் லோக்கலில் வந்து பட்டரவாக்கத்தில் இறங்கி, டூல் பையோடு அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் நடந்து வந்த எலக்ட்ரீஷியன்களில் நானும் ஒருவன். முப்பத்தாறு வருடம் இந்தப் பேட்டையில்தான் பிழைத்தேன். பவர் பிரஸ், ஹீட் ட்ரீட்மென்ட், பிளேட்டிங், சி.என்.சி., பிளாஸ்டிக் மோல்டிங் என்று நான் பேனல் போர்டு திறக்காத தொழில் இங்கே குறைவு. ராத்திரியில் மோட்டார் எரிந்தால் உங்களுக்கு முன்பாக எனக்குத்தான் போன் வரும். நீங்கள் கொடுத்த கூலியில்தான் என் பிள்ளைகள் படித்தார்கள். அந்த நன்றியோடு இதை எழுதுகிறேன்.

சொல்ல வந்தது ஒன்றுதான். நீங்கள் மாதாமாதம் கட்டும் மின் கட்டணத்தில் ஒரு பகுதி எந்தப் பொருளாகவும் மாறாமல் வீணாகிறது. அதை நிறுத்துவது பெரிய வித்தை இல்லை. ஆனால் தனியாகச் செய்யப் பார்த்தவர்கள் எல்லோரும் பாதியில் விட்டதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். தெருவுக்குப் பன்னிரண்டு பேர் சேர்ந்து செய்தால் அது நிலைக்கும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எஸ்டேட்டின் தெற்கு ஃபேஸில் ஒரு பிரஸ் ஷாப்பில் கம்ப்ரசர் காண்டாக்டரை மாற்றப் போயிருந்தேன். ஷெட்டில் உரிமையாளரும் நானும் மட்டும். காண்டாக்டரை மாட்டிவிட்டு 20 எச்.பி. கம்ப்ரசரை ஓட்டிப் பார்த்தேன். ஒரு பிரஸ்கூட ஓடவில்லை, காற்றைப் பயன்படுத்த ஆளே இல்லை. டேங்க் நிறைந்ததும் கம்ப்ரசர் அன்லோடு ஆகி அப்படியே இருக்க வேண்டும். இருக்கவில்லை. 80 நொடி கழித்துத் தானாக லோடு எடுத்தது. 40 நொடி லோடில் ஓடியது, மறுபடி 80 நொடி அன்லோடு, மறுபடி லோடு. வாட்சைப் பார்த்துப் பத்து முறை குறித்தேன். கணக்கு மாறவில்லை.

120 நொடியில் 40 நொடி என்றால் மூன்றில் ஒரு பங்கு. அந்தக் கம்ப்ரசர் தன் உழைப்பில் மூன்றில் ஒரு பங்கை வேலையே நடக்காத ஷெட்டில் ஓட்டை வழியாக ஊதிக்கொண்டிருந்தது. 20 எச்.பி. என்பது 15 கிலோவாட். அதில் மூன்றில் ஒன்று 5 கிலோவாட். நாளைக்கு 8 மணி நேரம், மாதம் 25 நாள் என்று வைத்தால் 1,000 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் மாதம் 8,000 ரூபாய், வருடத்துக்கு 96,000 ரூபாய். பிரஸ் ஓட்டும் ஒரு பெண்ணின் பல மாதச் சம்பளம் அது.

சோப்புத் தண்ணீரும் பெயின்ட் பிரஷும் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் லைன் நெடுகத் தடவிப் பார்த்தோம். நுரை கிளம்பிய இடங்களைச் சாக்பீஸால் வட்டம் போட்டோம். பதினோரு வட்டம். ஒரு ஹோஸில் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கம்பியால் கட்டியிருந்தார்கள். கழற்றிப்போட்ட ஒரு பழைய மெஷினுக்குப் போகும் வால்வு மூடவே இல்லை. கிளிப், கப்ளிங், டெஃப்லான் டேப் எல்லாம் சேர்த்து மூவாயிரம் ரூபாய்க்குள் வேலை முடிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்த மடலை எழுதவைத்தது. அடுத்த மாத பில் வந்ததும் அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "பக்கத்து ஷெட்காரரிடமும் காட்டுங்கள் சார், அவர் கம்ப்ரசரும் இப்படித்தான் சுவரைத் தாண்டிக் கேட்கிறது" என்றேன். பில்லை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "ரெண்டு பேரும் ஒரே கம்பெனிக்கு ஜாப் ஒர்க் பண்றோம்பா. பில்லைப் பார்த்தா நான் எவ்வளவு பீஸ் அடிக்கிறேன்னு தெரிஞ்சுடும்" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த மடித்த பில்லுக்குள்தான் நம் பேட்டையின் பெரிய நஷ்டமும் இருக்கிறது. ஒருவர் கண்டுபிடித்தது அடுத்த சுவரைத் தாண்டுவதில்லை. ஒரே தப்பைத் தெருவில் பன்னிரண்டு பேரும் தனித்தனியாகச் செய்து, தனித்தனியாகப் பணம் கட்டுகிறார்கள். அந்தப் பிரஸ் ஷாப்பிலேயே இரண்டு வருடம் கழித்துப் போனபோது லீக் பாதிக்கு மேல் திரும்பி வந்திருந்தது. கேட்க யாரும் இல்லாததால் அவரும் மறந்துவிட்டார்.

கரண்ட் சார்ஜ் ஏறிவிட்டது என்று நீங்கள் சொல்வது எனக்குத் தெரியும். 2022 செப்டம்பர் 10-ஆம் தேதி புதிய கட்டணம் வந்தபோது நிலைக்கட்டணமும் பீக் அவர் கட்டணமும் சிறு தொழிலை எப்படி அழுத்தின என்பதை உங்கள் பில்களிலேயே பார்த்தேன். 2023 செப்டம்பர் 25 அன்று மாநிலம் முழுவதும் சிறு தொழிற்கூடங்கள் கதவடைத்தபோது எஸ்டேட் தெருக்களில் இருந்த அமைதியும் நினைவிருக்கிறது. அந்தப் போராட்டம் நியாயமானது. கட்டணத்தைப் பற்றி அரசோடு பேச வேண்டியதை விடாமல் பேசுங்கள். ஆனால் ஓட்டை வழியாகப் போகும் அந்த 1,000 யூனிட்டைப் பற்றி அரசோடு பேச எதுவும் இல்லை. கட்டணம் ஏற ஏற அந்த வீணின் விலையும் ஏறும். யூனிட் 5 ரூபாயாக இருந்தபோது விட்டதை 8 ரூபாயாக இருக்கும்போதும் விட்டால் தாங்காது.

காற்றைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பேட்டையில் மிக விலை உயர்ந்த பொருள் அதுதான், எல்லோரும் இலவசம் என்று நினைப்பதும் அதைத்தான். கம்ப்ரசருக்குள் போகும் மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாக வெளியே போய்விடுகிறது. 10 முதல் 20 விழுக்காடுதான் கடைசியில் வேலையாக மாறுகிறது. ஏழு கிலோ பிரஷரில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று ஏறத்தாழ 3 கிலோவாட்டை விழுங்கும். பென்சில் முனை போகிற ஓட்டைதான், நான்கு எச்.பி. மோட்டார் அளவுக்குத் தின்கிறது. ஐந்தரை கிலோவில் ஓடுகிற மெஷினுக்கு எட்டுக் கிலோ வைப்பது நம் ஊர் வழக்கம், "இருக்கட்டும்" என்று. ஒரு கிலோ குறைத்தால் கம்ப்ரசர் இழுக்கும் மின்சாரம் 6 முதல் 10 விழுக்காடு குறையும். கம்ப்ரசரை வெயில் காயும் ஷீட்டுக்கடியில் மூலையில் அடைத்து வைக்கிறோம். உள்ளே போகும் காற்று 4 டிகிரி கூடுதலாகச் சூடாக இருந்தால் மின்சாரம் 1 விழுக்காடு கூடும். மே மாதத்தில் நம் ஷெட்டுக்குள் என்ன சூடு என்று உங்களுக்கே தெரியும். ஒரு குழாயை நிழல் பக்கம் வெளியே நீட்டி வெளிக்காற்றை எடுக்கவைத்தால் போதும். வேலை முடிந்து கையையும் சட்டையையும் ஏர் கன்னால் ஊதித் துடைக்கும் பழக்கம் உடம்புக்கும் ஆபத்து, காசுக்கும் நஷ்டம்.

அடுத்தது மோட்டார். எரிந்தால் காயில் கட்டுவது, மறுபடி எரிந்தால் மறுபடி கட்டுவது. நானே கட்டக் கொடுத்திருக்கிறேன், அதனால் இதில் என் பங்கும் உண்டு. சரியாகக் கட்டாத ஒவ்வொரு முறையும் மோட்டாரின் திறன் ஒன்றிரண்டு விழுக்காடு இறங்குகிறது. மூன்று முறை கட்டிய மோட்டார் ஓடும், ஆனால் தின்றுகொண்டே ஓடும். முழு லோடில் ஓடும் ஒரு 10 எச்.பி. மோட்டாரை எடுத்துக்கொள்வோம். மோட்டார் திறன் தரத்தில் ஐ.இ.1 வகைக்கு 86 விழுக்காடு, அதைவிட உயர்ந்த ஐ.இ.3 வகைக்கு 90.4 விழுக்காடு. நாளைக்கு 16 மணி நேரம், வருடம் 300 நாள் ஓடினால் இந்த வித்தியாசம் மட்டும் சுமார் 2,000 யூனிட், அதாவது 16,000 ரூபாய். இடைவிடாமல் ஓடும் மோட்டாரின் வாழ்நாள் செலவில் வாங்கும் விலை ஒரு சிறு துண்டுதான், மற்றதெல்லாம் மின்சாரம். எரிந்த மோட்டாரைக் கட்டக் கொடுப்பதற்கு முன் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பாருங்கள். நல்ல மோட்டாரை உடைத்து மாற்றச் சொல்லவில்லை. அடுத்த முறை எரியும்போது என்ன வாங்குவது என்பதை இன்றே முடிவு செய்து எழுதி வையுங்கள் என்கிறேன். நள்ளிரவில் லைன் நிற்கும்போது யாருக்கும் யோசிக்க நேரம் இருக்காது. அப்போது கைக்குக் கிடைத்ததைத்தான் மாட்டுவோம்.

உலை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உலைச் சுவரின் வெளிப்பக்கம் கை வைக்க முடியாமல் சுட்டால் நீங்கள் ஷெட்டைச் சூடாக்கக் காசு கட்டுகிறீர்கள் என்று அர்த்தம். உள்ளே செராமிக் ஃபைபர் வைத்துச் சரிசெய்வது தெரிந்த வேலைதான். அதைவிடப் பெரிய வீண், பாதிச் சரக்கோடு உலையை ஏற்றுவது. சரக்கு பாதி என்பதால் சுவரைச் சூடாக்கும் செலவு பாதியாகாது. பக்கத்துத் தெருவில் இன்னொருவரும் அதே நாளில் பாதி உலை ஏற்றுகிறார். இரண்டு பேரும் பேசிக்கொண்டால் ஒரு உலை போதும்.

இந்த "பேசிக்கொண்டால்" என்ற சொல்லை வைத்துத்தான் உங்களை ஐரோப்பாவுக்குக் கூட்டிப்போகிறேன். நந்தம்பாக்கத்தில் நடக்கும் ஆக்மி கண்காட்சிக்கு நாமெல்லாம் போகிறோம். ஜெர்மனி மெஷினைத் தொட்டுப் பார்த்து விலை கேட்டுவிட்டு பெருமூச்சு விட்டுத் திரும்புகிறோம். அவர்களிடமிருந்து காசில்லாமல் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒன்று அந்தக் கண்காட்சியில் கிடைக்காது.

1987-இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் சில நிறுவனங்கள் ஒன்றாக உட்கார்ந்து, அவரவர் எரிசக்திச் செலவைக் குறைக்கும் அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ளத் தொடங்கின. அதைப் பார்த்து 2002-இல் ஜெர்மனியின் ஹோயன்லோகே வட்டாரத்தில் அப்படி ஒரு குழு தொடங்கியது. ஹோயன்லோகே பெரிய நகரம் இல்லை. வயலும் குன்றும் சூழ்ந்த சிறு ஊர்கள், அவற்றுக்கு நடுவே திருகாணி வியாபாரம், மின்விசிறி, வால்வு என்று நம் அம்பத்தூர்க்காரருக்கு நன்றாகப் புரியக்கூடிய தொழில்கள். முறை எளிது. பத்துப் பதினைந்து நிறுவனங்கள் சேர்கின்றன. ஒரு பொறியாளர் ஒவ்வொரு தொழிற்கூடத்துக்கும் போய் எங்கே வீணாகிறது என்று பார்த்து எழுதிக் கொடுக்கிறார். பிறகு எல்லோரும் சேர்ந்து, மூன்று நான்கு வருடத்தில் குழுவாக இவ்வளவு குறைப்போம் என்று ஒரு பொது இலக்கு வைக்கிறார்கள். வருடத்துக்கு மூன்று நான்கு முறை, ஒவ்வொரு முறையும் ஒருவருடைய தொழிற்கூடத்தில் கூடுகிறார்கள். ஒரு நாள் கம்ப்ரசர், ஒரு நாள் மோட்டார், ஒரு நாள் வெளிச்சம். சுற்றிப் பார்க்கிறார்கள், கேள்வி கேட்கிறார்கள், செய்து பார்த்தது பலித்ததா என்று வெளிப்படையாகச் சொல்கிறார்கள். வருடாவருடம் கணக்கு எடுக்கிறார்கள்.

நம் பிரஸ் ஷாப் உரிமையாளரின் பயத்துக்கும் அங்கே வழி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொருவரின் தனிக் கணக்கும் பொறியாளரோடு நின்றுவிடும். வெளியே தெரிவது குழுவின் மொத்தக் கணக்குதான். போட்டியாளருக்கு உங்கள் பீஸ் எண்ணிக்கை தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

பிறகு 30 சோதனைக் குழுக்களில் சுமார் 360 நிறுவனங்களைச் சேர்த்து ஜெர்மனியில் இதை அளந்து பார்த்தார்கள். அங்குள்ள ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தின் கணக்கில், குழுவில் இருந்த நிறுவனங்கள் தொழில்துறைச் சராசரியைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் சேமித்தன. மற்றவர்களிடம் இல்லாத மெஷின் எதுவும் அவர்களிடம் இல்லை. நாலு பேர் பார்க்கிறார்கள், அடுத்த கூட்டத்தில் கேட்பார்கள் என்ற ஒன்றுதான் கூடுதலாக இருந்தது. 2014-இல் ஜெர்மன் அரசும் தொழில் அமைப்புகளும் சேர்ந்து, 2020-க்குள் இப்படி 500 குழுக்கள் என்று இலக்கு வைத்தன.

ஐரோப்பாவில் சட்டமும் பின்னால் நிற்கிறது என்பது உண்மை. 2012-இல் வந்த ஐரோப்பிய ஒன்றியச் சட்டம், பெரிய நிறுவனங்கள் நான்கு வருடத்துக்கு ஒரு முறை எனர்ஜி ஆடிட் செய்தே ஆக வேண்டும் என்றது. 2021 ஜூலை முதல் அங்கே பெரும்பாலான தொழிற்சாலை மோட்டார்கள் ஐ.இ.3 தரத்துக்குக் கீழே விற்கக் கூடாது. 2023-இல் சட்டத்தைத் திருத்தி, 2020-இல் போட்ட மதிப்பீட்டைவிட 2030-இல் எரிசக்திப் பயன்பாடு 11.7 விழுக்காடு குறைவாக இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். நாடுகள் போன பாதை வேறு வேறு. இத்தாலி 2005-லிருந்தே, மின்சாரத்தையும் எரிவாயுவையும் விநியோகிக்கும் பெரிய நிறுவனங்கள்தான் வாடிக்கையாளரிடம் சேமிப்பை உண்டாக்கிக் கணக்குக் காட்ட வேண்டும் என்று விதித்தது. பிரான்ஸ் அடுத்த வருடம் அதைப் பின்பற்றியது. நம் மின்வாரியமும் வசூலோடு நிற்காமல் சேமிப்புக்கும் பொறுப்பு ஏற்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம், கேட்க வேண்டும்.

ஐரோப்பியர்கள் இதற்கு வந்தது நெருக்கடியால்தான். 1973-இல் எண்ணெய் விலை ஏறியபோது டென்மார்க்கின் எரிசக்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இறக்குமதி எண்ணெய். ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டவே தடை போட்டார்கள். அந்த அடியை மறக்காமல் வீட்டுச் சுவரிலிருந்து தொழிற்சாலைக் கழிவுச் சூடு வரை ஒவ்வொன்றாகச் சரிசெய்தார்கள். பிறகு வந்த பல பத்தாண்டுகளில் பொருளாதாரம் வளர்ந்தது, எரிசக்திப் பயன்பாடு ஏறத்தாழ அதே அளவில் நின்றது. 2022-இல் உக்ரைன் போரால் எரிவாயுத் தட்டுப்பாடு வந்தபோது, பொது இடங்களில் ஏ.சி.யை 27 டிகிரிக்குக் கீழே வைக்கக் கூடாது, இரவு 10 மணிக்குக் கடை ஜன்னல் விளக்கு அணைய வேண்டும் என்று ஸ்பெயின் சட்டம் போட்டது.

நமக்கும் நெருக்கடி வந்தது. 2008 நவம்பரில் தொழிற்சாலைகளுக்கு மின் கட்டுப்பாடு தொடங்கியது. 2012-இல் சென்னையில் இரண்டு மணி நேரம், வெளி மாவட்டங்களில் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு. அப்போது நாம் என்ன செய்தோம்? ஜெனரேட்டர் வாங்கினோம். எத்தனை ஜெனரேட்டருக்கு நான் சேஞ்ச்ஓவர் போட்டுக் கொடுத்திருப்பேன்! ஓட்டைக் காற்றுக்கும் காயில் கட்டிய மோட்டாருக்கும் டீசல் ஊற்றினோம். உங்களைக் குறை சொல்லவில்லை, டெலிவரி தேதி தலைக்கு மேல் நிற்கும்போது வேறு வழி தெரியாது. ஆனால் கரண்ட் திரும்பி வந்த பிறகும் நாம் உட்கார்ந்து பேசவில்லை. அதுதான் தப்பு.

1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தொடங்கியபோது, தனியாக நிலமும் மின்சாரமும் ரோடும் ஏற்பாடு செய்துகொள்ள முடியாத சிறு தொழில்காரர்கள் ஒரே இடத்தில் இருந்தால் பிழைப்பார்கள் என்பதுதான் எண்ணம். தொழிற்பேட்டை என்ற யோசனையே சேர்ந்திருப்பதுதான். ஆயிரம் ஏக்கருக்கு மேல் பரந்த இந்த இடத்தில் இன்று பல பழைய ஷெட்கள் ஐ.டி. கட்டடமாகவும் கோடவுனாகவும் மாறிவிட்டன. மீதி இருப்பவை நிலைக்க வேண்டும் என்பதுதான் என் கவலை. ஒரு ஷெட் மூடினால் முப்பது வீட்டில் அடுப்பு யோசிக்கும்.

என் யோசனை இதுதான். ஒரே தெருவில், அல்லது ஒரே வகைத் தொழிலில், பன்னிரண்டு பேர் சேருங்கள். உங்கள் சங்கம் வழியாகச் சேர்ந்தால் இன்னும் நல்லது. சான்றிதழ் பெற்ற ஒரு எனர்ஜி ஆடிட்டரைப் பொதுவாக அமர்த்துங்கள். பில் அவரிடம் மட்டும் இருக்கட்டும். ஒவ்வொருவரும் "எத்தனை யூனிட்" என்பதை விட்டு "ஆயிரம் பீஸுக்கு எத்தனை யூனிட்" என்று எழுதத் தொடங்குங்கள், ஏனென்றால் ஆர்டர் கூடினால் பில் கூடுவது இயற்கை. பீஸுக்கு ஆகும் யூனிட் கூடினால்தான் எங்கோ ஓட்டை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒருவர் ஷெட்டில் கூடுங்கள். டீ செலவு அவருடையது. முதல் வருடம் பத்து விழுக்காடு என்று இலக்கு வையுங்கள். நான் பார்த்த ஷெட்களில் காற்றையும் மோட்டாரையும் பழைய சோக் வைத்த டியூப் லைட்டையும் சரிசெய்தாலே பலருக்கு அந்தப் பத்து வந்துவிடும்.

உதவியும் இருக்கிறது. எனர்ஜி ஆடிட் செலவில் முக்கால் பங்கைத் திருப்பித் தரும் "பீஸ்" (PEACE) திட்டத்தைத் தமிழக அரசின் சிறு தொழில் துறை நடத்துகிறது. ஆடிட்டில் சொன்னபடி மெஷினை மாற்றினால் அதற்கும் மானியம் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். 2025 ஜூலையில் மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் "அடீட்டி" என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதில் குறு, சிறு நிறுவனங்களின் கடன் வட்டியில் 5 விழுக்காட்டுப் புள்ளியை அரசு ஏற்கிறது. ஃபோர்ஜிங், ஃபவுண்டரி, உணவு பதப்படுத்துதல் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. தனி ஆளாகப் போனால் இந்தப் படிவங்களே பாதிப் பேரைத் துரத்திவிடும். பன்னிரண்டு பேருக்கு ஒருவர் படிவம் நிரப்பினால் பன்னிரண்டு பேருக்கும் வழி தெரியும்.

உங்கள் கேள்விகளும் எனக்குத் தெரியும். "சேமித்தால் பெரிய கம்பெனி ரேட்டைக் குறைக்கச் சொல்லும்" என்பீர்கள். கேட்கலாம். ஆனால் வீணாக்கிக்கொண்டே இருந்தால் அதே ரேட்டில் உங்களுக்கு மிச்சம் எதுவும் இருக்காது. அதோடு காலமும் மாறுகிறது. ஐரோப்பாவுக்குப் போகும் இரும்பு, அலுமினியப் பொருளுக்கு அதைச் செய்யும்போது எவ்வளவு கரியமில வாயு வெளியானது என்று கணக்குக் கேட்கும் முறை 2023 அக்டோபரில் தொடங்கியது. 2026 முதல் அதற்குப் பணமும் கட்ட வேண்டும். போல்ட், நட், திருகாணியும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. நீங்கள் நேராக ஏற்றுமதி செய்யாவிட்டாலும், உங்களிடம் வாங்குபவர் நாளைக்கு உங்கள் கணக்கைக் கேட்பார். அன்றைக்குக் கணக்கு வைத்திருப்பவருக்குத்தான் ஆர்டர் தங்கும்.

"வாடகை ஷெட், நான் ஏன் செலவு செய்ய வேண்டும்" என்பது இன்னொரு கேள்வி. கூரையையும் வயரிங்கையும் ஷெட் உரிமையாளரிடம் விடுங்கள். கம்ப்ரசரும் மோட்டாரும் ஹோஸும் உங்களுடையவை. காலி செய்து போனால் கூடவே வரும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். சேமிப்பு என்று சொல்லித் தொழிலாளியின் தலைக்கு மேல் ஓடும் ஃபேனை நிறுத்தாதீர்கள். பில் அதிகமாக வந்த மாதம் சில இடங்களில் முதலில் நிறுத்தியது அதைத்தான். ஷீட்டுக் கூரைக்கடியில் மே மாதம் பிரஸ் முன் உட்கார்ந்து ஒரு ஷிஃப்டுக்கு ஆயிரக்கணக்கான முறை கையை உள்ளே நீட்டி எடுக்கும் பெண்ணுக்கு அந்தக் காற்று சலுகை இல்லை, பாதுகாப்பு. தலை சுற்றினால் விரல் போகும். பழைய ஃபேன் 75 வாட், பி.எல்.டி.சி. ஃபேன் சுமார் 30 வாட். ஃபேனை மாற்றுங்கள், நிறுத்தாதீர்கள். மூன்று மில்லிமீட்டர் ஓட்டை ஒன்றை அடைத்தால் மிச்சமாகும் 3 கிலோவாட்டில் அப்படி நூறு ஃபேன் ஓடும். லீக் எங்கே இருக்கிறது என்று உங்களுக்கு முன்பே தெரிந்தவர்களும் அந்த மெஷின் முன் உட்கார்ந்திருப்பவர்கள்தான். அவர்களைக் கேளுங்கள். கண்டுபிடித்துச் சொன்னவருக்கு அந்த மாத மிச்சத்தில் ஒரு பங்கைக் கொடுங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஷெட்டுக்குப் போங்கள். எந்த மெஷினையும் ஓட்டாதீர்கள். கம்ப்ரசரை மட்டும் போட்டு, டேங்க் நிறைந்ததும் வாட்சைப் பாருங்கள். எத்தனை நொடி லோடு, எத்தனை நொடி அன்லோடு என்று பத்து முறை குறியுங்கள். லோடு நொடியை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் உங்கள் வீண் எவ்வளவு என்று வந்துவிடும். பத்து விழுக்காட்டுக்குள் இருந்தால் உங்கள் பராமரிப்பு ஆளுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். அதற்கு மேல் இருந்தால் அந்த விழுக்காட்டை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். பில் வேண்டாம், பீஸ் எண்ணிக்கை வேண்டாம். அந்த ஒரு எண்ணை எடுத்துக்கொண்டு பக்கத்து ஷெட்டுக்குப் போய், "உங்களுடையது எவ்வளவு?" என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பேட்டையின் பழைய எலக்ட்ரீஷியன்